துகள் கற்றையில் செல்கள்: எண்கள் ஒத்துவராதபோது எங்கே தேடுவது

செல்களுக்குக் கொடுத்த கதிர் டோஸ் குறிப்பேட்டில் 2 கிரே என்று இருக்கிறது. பத்து நாள் கழித்துச் சாயம் ஏற்றிக் காலனிகளை, அதாவது பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கிய கூட்டங்களை, எண்ணினால், கதிரே படாத டிஷ்ஷும் 2 கிரே வாங்கிய டிஷ்ஷும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. "இந்த செல் லைனுக்குக் கதிர் உறைக்காது போலிருக்கே, அக்கா" என்று புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்பாள். அப்படியும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் செல்லுக்குள் இருந்ததில்லை. கதிர்மூலத்துக்கும் செல்லின் கருவுக்கும் நடுவே உள்ள சில மைக்ரான்களில்தான் இருந்திருக்கிறது.

தென்சென்னையில் எங்களுடையது சின்ன ஆய்வகம். அமெரிசியம்-241 வைத்த ஆல்ஃபா பெட்டி ஒன்று இருக்கிறது; கதிர் கீழிருந்து மேலே வரும், மைலார் என்ற மிக மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை அடித்தளமாகக் கொண்ட டிஷ்ஷில் செல் வளரும். புரோட்டானுக்கு வெளியூர் போய் வருகிறோம். தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019இல் திறந்த பிறகு 'புரோட்டான்' இந்த ஊரில் பழகிய சொல்லாகிவிட்டது, ஆனால் அது நோயாளிகளுக்கான இடம். கல்பாக்கத்தில் இருக்கும் 1.7 மெகாவோல்ட் டான்டெட்ரான் முடுக்கி பெரும்பாலும் பொருளறிவியலுக்குப் பயன்படுகிறது. ஆகவே இங்கே செல் வேலை செய்பவர்கள் பலருக்கும் தொடக்கம் ஒரு ஆல்ஃபா மூலம்தான். கீழே உள்ளதில் பாதிக்குமேல் அதைப் பற்றியது.

கதிர் படாத டிஷ்ஷிலேயே செல் சாகிறது

எது தவறினாலும் முதலில் இங்கே வாருங்கள். கட்டுப்பாட்டு டிஷ் சரியில்லை என்றால் மற்ற எண்களைப் பார்த்துப் பயனில்லை. ஒரு கட்டுப்பாடு போதாது, மூன்று வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் டிஷ் ஒன்று, இன்குபேட்டரை விட்டு வெளியே வராத மைலார் டிஷ் ஒன்று, எல்லா இடத்துக்கும் போய், கதிர்ப்பெட்டியின் மேலும் உட்கார்ந்து, ஷட்டர் மட்டும் திறக்காமல் திரும்பிய மைலார் டிஷ் ஒன்று. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பிளாஸ்டிக்கில் நன்றாக இருந்து மைலாரில் மோசமாக இருந்தால், ஒன்று செல் ஒட்டவில்லை, இல்லையென்றால் ஏதோ விஷம் கசிகிறது. ஒட்டாததை மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்கலாம்: ஒரு இரவு கழிந்தும் செல்கள் உருண்டையாகவே கிடக்கும். மைலாருக்குக் கொலாஜன் அல்லது பாலி-லைசின் பூசினால் பெரும்பாலும் தீரும். விஷம் என்றால் பசையைச் சந்தேகியுங்கள். ஒருமுறை வளையத்தில் மைலாரை ஒட்ட, அவசரத்துக்குப் பாரிமுனைப் பக்கம் கடையில் கிடைத்த சிலிக்கோனை வாங்கிவந்தோம். உலரும்போது வினிகர் வாசனை வந்தது. அந்த வகை சிலிக்கோன் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியே விடும். மூன்று வாரம் செல்கள் ஏன் சோர்ந்து கிடக்கின்றன என்று சீரத்தை மாற்றிப் பார்த்தோம், இன்குபேட்டரைக் கழுவிப் பார்த்தோம். கண்டுபிடித்த சோதனை மிக எளிது: பசை ஒட்டிய வெறும் வளையத்தை 24 மணி நேரம் மீடியத்தில் ஊறவைத்து, அந்த மீடியத்தைச் சாதாரண பிளாஸ்டிக் டிஷ்ஷில் உள்ள செல்களுக்கு ஊற்றுங்கள். அங்கேயும் செல் வாடினால் மைலார்மேல் பழியில்லை.

வெளியே வராத மைலார் நன்றாக இருந்து, பயணம் போன மைலார் மட்டும் மோசம் என்றால் வழியில் என்ன நடந்தது என்று பாருங்கள். மீடியத்தின் நிறம் முதல் சாட்சி. கார்பன் டை ஆக்சைடு இல்லாத வெளிக்காற்றில் பைகார்பனேட் மீடியம் காரமாகி, சிவப்பு மங்கி, இளஞ்சிவப்பு ஊதாவாகிவிடும். அமிலகார நிலையை நிலைநிறுத்தும் ஹெப்பெஸை 20 முதல் 25 மில்லிமோலார் சேர்த்தால் தாங்கும். அடுத்தது உலர்தல். முடுக்கியில் கற்றை கிடைமட்டமாக வந்தால் மீடியத்தை எடுத்துவிட்டு டிஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்த வேண்டியிருக்கும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் அந்த மெல்லிய ஈரம் சில நிமிடங்களுக்குமேல் நிற்காது. அதனால் நிறுத்தி வைத்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள், கட்டுப்பாட்டு டிஷ்ஷையும் அதே நேரம் நிறுத்துங்கள்.

மூன்றுமே மோசம் என்றால்தான் செல்லிடம் போக வேண்டும்: மைக்கோபிளாஸ்மா (கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா), பாசேஜ் எண் (செல்லை எத்தனை முறை பிரித்து மறுபடி வளர்த்தோம் என்பது), சீரம் மாற்றம், இன்குபேட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கட்டிடத்தில் மின்சாரம் போய், இன்குபேட்டரில் இருந்தவை எல்லாம் வீணாயின. திரவ நைட்ரஜனில் உறைந்திருந்த குப்பிகள் பிழைத்தன. அதிலிருந்து கற்றது: ஒரு தொடர் சோதனைக்குத் தேவையான குப்பிகள் அனைத்தையும் ஒரே பாசேஜில் ஒரே நாளில் உறைய வைத்துவிடுவோம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நீண்ட சோதனையைத் தொடங்குவதும் இல்லை.

டோஸ் ஏறுகிறது, உயிர்பிழைப்பு இறங்கவில்லை

இங்கே அவசரப்படக் கூடாது. டோஸுக்கு எதிராக உயிர்பிழைத்த பங்கை மடக்கை அளவில் வளைவாக வரைந்து அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்று வேறு கோளாறுகள் மூன்று வேறு வடிவங்களைக் காட்டும்.

முதல் வடிவம்: நன்றாக இறங்கி, பிறகு ஒரே மட்டத்தில் தரைதட்டி நின்றுவிடுகிறது. கதிரே படாத செல்கள் எங்கோ இருக்கின்றன என்று அர்த்தம். எந்த மட்டத்தில் நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதுதான் படாதவற்றின் பங்கு. டிஷ்ஷின் உள்விட்டம் 36 மில்லிமீட்டர், கற்றை சீராக விழும் வட்டம் 34 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பில் அது 11 சதவீதம்! நூற்றுக்குப் பதினோரு செல் தப்பித்துவிட்டால், எத்தனை கிரே கொடுத்தாலும் வளைவு 0.11க்குக் கீழே போகாது. டிஷ்ஷின் நடுவில் மட்டும் செல்லை விதையுங்கள், அல்லது கதிர் பட்ட பிறகு விளிம்புச் செல்களைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மீடியத்தில் மிதக்கும் செல்களும் வளைவை இதேபோல் தரைதட்ட வைக்கும். ஆல்ஃபா அவ்வளவு உயரம் எட்டாது, அவை நலமாக இருந்து பிறகு காலனி போடும். கதிருக்கு முன்னும் பின்னும் கழுவுவதை யாரும் தவிர்க்கக் கூடாது.

இரண்டாவது வடிவம்: தொடக்கத்தில் ஒரு தோள் (வளைவு மெதுவாக இறங்கும் பகுதி), பிறகு சரிவு. எக்ஸ்ரேக்கு இது இயல்பு. ஆல்ஃபாவுக்கு ஏறக்குறைய நேர்கோடாக வர வேண்டும்; நெதர்லாந்தில் பாரென்ட்சென் 1960களில் மனிதச் சிறுநீரகச் செல்களில் பொலோனியம்-210 ஆல்ஃபாவை வைத்துக் காட்டியது அதைத்தான். உங்கள் ஆல்ஃபா வளைவில் தோள் தெரிந்தால், விதைத்து எத்தனை மணி நேரம் கழித்துக் கதிர் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். அதற்குள் செல் ஒருமுறை பிரிந்திருந்தால், டிஷ்ஷில் காலனி தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு செல். ஒன்று செத்தாலும் மற்றது காலனி போடும். கதிர் கொடுத்த பிறகு ட்ரிப்சின் என்ற நொதியைப் போட்டுச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து மறுபடி விதைத்தால் இந்தப் பொய்த்தோள் மறைந்துவிடும்.

மூன்றாவது வடிவம்தான் அதிகம் அலைக்கழிப்பது: நேர்கோடுதான், ஆனால் சரிவு போதவில்லை. இதற்குக் கதிர் வரும் பாதையை அடுக்கடுக்காகக் கணக்குப் போட வேண்டும். அமெரிசியம்-241 ஆல்ஃபா புறப்படும்போது 5.486 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இனி எம்இவி என்றே சொல்கிறேன். மூலத்தின் மேல் இருக்கும் மெல்லிய உலோக உறை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். காற்றில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஏறக்குறைய 1 எம்இவி. மைலாரில் ஒவ்வொரு மைக்ரானும் பத்தில் ஒரு எம்இவிக்குச் சற்று மேல். எல்லாம் போக, செல்லின் அடியில் 3 எம்இவி மிஞ்சியது என்று வையுங்கள். தண்ணீரில் அது போகும் தூரம் வெறும் 18 மைக்ரான். தரையில் படிந்த தட்டையான செல்லுக்கு இது தாராளம். ஆனால் குளிரில் சுருங்கியோ சரியாக ஒட்டாமலோ உருண்டு நிற்கும் செல்லுக்கு உயரமே 15 மைக்ரான் வரும். ஆற்றல் சற்றுக் குறைந்தாலோ சாய்வாக வந்தாலோ, கதிர் கருவின் மேற்பாதியைத் தொடாமலேயே நின்றுவிடலாம். ஆகவே கதிர் கொடுக்கும் முன் மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சென்னைக்கே உரிய ஒன்று. ஒரு கோடையில், பனிக்கட்டிமேல் வைத்திருந்த டிஷ்களில் மட்டும் உயிர்பிழைப்பு தாறுமாறாகக் கூடியது. பனியில் வைத்தது, பழுது பார்க்கும் வேலையைச் செல் தொடங்காமல் இருக்க. குளிரில் செல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் டிஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபோதுதான் விளக்கொளியில் தெரிந்தது: குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பு வியர்ப்பதுபோல மைலாரின் அடியில் வியர்த்திருந்தது. இந்த ஊர்க் காற்றில் பல மாதங்கள் 25 டிகிரிக்குக் கீழே எது இருந்தாலும் பனித்துவிடும். 10 மைக்ரான் நீர்ப்படலம் 3 எம்இவி ஆல்ஃபாவின் பாதைத் தூரத்தில் பாதிக்குமேல் தின்றுவிடும். 20 மைக்ரான் என்றால் கதிர் செல்லை எட்டவே எட்டாது. அதுவும் சீரான படலமாக இல்லாமல் துளித்துளியாக நிற்கும், அதனால் டிஷ்ஷுக்கு டிஷ் விடை மாறும். மைலாரைத் துடைக்கப் போகாதீர்கள், கிழிந்துவிடும். குளிர்ந்த டிஷ்ஷை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியிலேயே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கிறோம். கதிர் முடிந்த பிறகுதான் இப்போதெல்லாம் பனி.

தடிமன் தவறினால் எப்போதும் உயிர்பிழைப்பு கூடும் என்றும் எண்ண வேண்டாம். ஆற்றல் குறையக் குறைய ஒவ்வொரு மைக்ரானிலும் ஆல்ஃபா கொட்டும் ஆற்றல், அதாவது எல்இடி (LET; விளக்கு எல்இடி அல்ல), ஏறிக்கொண்டே போகும். 1 எம்இவிக்குச் சற்றுக் கீழே உச்சம் தொட்டு, பிறகு சட்டென்று நின்றுவிடும். கொஞ்சம் தடிமன் கூடினால் சாவு மாறும், இன்னும் கொஞ்சம் கூடினால் சாவே இல்லை. ஆகவே வாங்கிய மைலாரின் உறையில் 2.5 மைக்ரான் என்று இருந்தாலும் எடைபோட்டுப் பாருங்கள்: பரப்பு தெரியும், அடர்த்தி தெரியும், தடிமன் வந்துவிடும்.

குறைந்த டோஸில் விடை நிலைகொள்ளவில்லை

இது பல நேரம் கோளாறே இல்லை. டோஸ் கிரேயில் வேண்டுமென்றால் 0.16ஐ எல்இடியாலும் ஒரு சதுர மைக்ரானில் விழும் துகள் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். எல்இடி மைக்ரானுக்கு இத்தனை கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற கணக்கில். 3 எம்இவி ஆல்ஃபாவுக்கு அது சுமார் 125. கருவின் பரப்பு 100 சதுர மைக்ரான் என்றால் ஒரே ஒரு ஆல்ஃபா 0.2 கிரே கொடுத்துவிடும். 1 கிரே என்பது கருவுக்குச் சராசரியாக ஐந்து துகள். 0.2 கிரே என்றால் சராசரி ஒன்று. பாய்சான் கணக்குப்படி 37 சதவீதக் கருக்களில் துகளே விழாது. 0.05 கிரே கொடுத்தேன் என்று சொன்னாலும், எந்தச் செல்லும் கால் துகளை வாங்குவதில்லை.

டிஷ்ஷுக்கு டிஷ் டோஸ் மாறுகிறது

அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டு. மூலம் சோர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தைப் பாருங்கள்: சிறிய மூலத்திலிருந்து 20 மில்லிமீட்டரில் டிஷ் இருந்தால், 1 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டாலே துகள் எண்ணிக்கை 9 சதவீதம் குறையும். வளையம் சரியாகக் குழியில் உட்காராததே பெரும்பாலும் காரணம். மைலார் தொய்ந்திருந்தாலும் இதே கதை. அடுத்து ஷட்டர். திறக்க மூட அரை விநாடி எடுத்தால், 10 விநாடிக் கதிரில் 5 சதவீதம் அதற்கே போகும்.

முடுக்கியில் கற்றை மின்னோட்டம் ஏறி இறங்கும், அங்கே கடிகாரத்தை நம்பவே கூடாது. துகளை எண்ணி நிறுத்த வேண்டும்.

அளவுமானிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

ஒத்துப்போகாமல் இருப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. முதலில் எந்தக் கருவி அந்தக் கதிரைப் பார்க்கவே முடியும் என்று யோசியுங்கள். கதிர் பட்டால் கறுக்கும் வழக்கமான இபிடி3 ஃபிலிமில் உணரும் அடுக்கின் இரு பக்கமும் 125 மைக்ரான் பாலியெஸ்டர் உறை. நம் ஆல்ஃபா அந்த உறையிலேயே நின்றுவிடும். ஃபிலிம் வெளுப்பாகவே இருந்தது என்று மூலத்தைக் குறைசொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறையில்லாத ஃபிலிமும் எல்இடி கூடும் இடத்தில் குறைத்துத்தான் காட்டும். ஆகவே கற்றை சீராக விழுகிறதா என்று பார்க்க ஃபிலிம் நல்லது, டோஸ் சொல்ல வேண்டாம்.

துகள் தடத்தைப் பதிவுசெய்யும் சிஆர்-39 பிளாஸ்டிக் நேர்மையான சாட்சி. 6.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 70 டிகிரியில் அரித்தெடுத்தால் ஒவ்வொரு ஆல்ஃபாவும் ஒரு குழியாகத் தெரியும். ஆனால் 1 கிரே என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 லட்சம் துகள். குழிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எண்ண முடியாது. சரி, நூறில் ஒரு பங்கு நேரம் கொடுக்கலாம் என்றால், நிமிடத்துக்கு 1 கிரே வரும் பெட்டியில் அது 0.6 விநாடி. மறுபடி ஷட்டர் பிழை வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கணக்கும் சிஆர்-39 எண்ணிக்கையும் ஒத்துவராமல் போனதற்குக் காரணம் இதுவேதான். இப்போது 1 மில்லிமீட்டர் துளை போட்ட தகட்டுக்குப் பின்னால் சிலிக்கான் டிடெக்டரை, செல் உட்காரும் அதே உயரத்தில், அதே மைலாருக்கு மேல் வைக்கிறோம். விநாடிக்கு 650 எண்ணிக்கை அளவில் வரும், நிதானமாக எண்ணலாம். ஆற்றலும் அதே அளவீட்டில் கிடைத்துவிடுகிறது.

புரோட்டானுக்கு அயனிக் கூடம் (கதிர் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தை அளக்கும் கருவி) பயன்படுத்தும்போது வெப்பத் திருத்தத்தை மறந்தால் பிழை சிறிதல்ல. 20 டிகிரிக்கு அளவுதிருத்தம் செய்த கூடத்தை 30 டிகிரியில் வைத்தால் 3.4 சதவீதம் போய்விடும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கூடத்தை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, கூடத்தின் பக்கத்திலேயே வெப்பமானியை வையுங்கள். சுவர் வெப்பமானி உதவாது. கற்றை இல்லாதபோதும் எலக்ட்ரோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பில் ஈரம் ஏறியிருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு ஒரு இரவு மூடிவைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

காமா எச்2ஏஎக்ஸ் புள்ளிகள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு

காமா எச்2ஏஎக்ஸ் என்பது டிஎன்ஏ முறிந்த இடத்தைக் காட்டும் புரத அடையாளம்; மைக்ரோஸ்கோப்பில் ஒளிரும் புள்ளியாகத் தெரியும். எக்ஸ்ரேயில் 1 கிரேக்கு இருபது, முப்பது எண்ணிப் பழகியவர்கள் ஆல்ஃபாவில் ஐந்தாறு பெரிய புள்ளிகளைப் பார்த்துத் திகைப்பார்கள். துகள் கீழிருந்து செங்குத்தாகப் போனது, மைக்ரோஸ்கோப்பும் அதே அச்சில் பார்க்கிறது. ஒரு தடத்தில் உள்ள எல்லா முறிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே புள்ளியாகத் தெரிகின்றன. சாய்த்துவைத்துக் கதிர் கொடுத்த டிஷ் ஒன்றை எடுங்கள், மணி கோத்ததுபோல வரிசை தெரியும். அது தெரிந்தால் உங்கள் பெட்டி வேலை செய்கிறது. நேரமும் முக்கியம்: உச்சம் அரை மணியை ஒட்டி வரும், பல மணி நேரம் கழித்துச் செல்களை ஃபிக்ஸ் செய்தால் (அந்த நிலையிலேயே நிறுத்தினால்) குறைந்துதான் இருக்கும்.

புரோட்டானில் ஒரு ஃப்ளாஸ்க் மட்டும் கதிரே படாததுபோல் வருகிறது

ஃப்ளாஸ்க்கைத் திருப்பி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மீடியம் நிரப்பி நிறுத்திய ஃப்ளாஸ்க்கில் செல் ஒரு சுவரில் மட்டும் இருக்கிறது. அந்தச் சுவர் கற்றையைப் பார்க்க வேண்டுமா, எதிர்ப்பக்கம் இருக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து இரண்டு சென்டிமீட்டருக்குமேல் ஆழம் மாறும். புரோட்டான் நிற்கும் முன் ஆற்றலைப் பெரிதாகக் கொட்டும் இடமான பிராக் உச்சியைத் தாண்டிவிட்டால் டோஸ் இல்லை. நாங்கள் செல் உள்ள பக்கத்தில் சிவப்பு மார்க்கரால் கோடு போடுகிறோம்.

சிறிய வேறுபாடு என்றால் காற்றுக்குமிழியைத் தேடுங்கள். பாதையில் 5 மில்லிமீட்டர் காற்று இருந்தால் கதிர் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் அதிகம் உள்ளே போகும். பல ஆற்றல்களைச் சேர்த்து அகலமாக்கிய விரிந்த உச்சியின் நடுவில் செல் இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. பின் விளிம்பில் இருந்தால் டோஸும் மாறும், எல்இடியும் மாறும். அங்கே சில மில்லிமீட்டருக்குள் எல்இடி பல மடங்கு ஏறுகிறது. மருத்துவத்தில் 1.1 என்று ஒரே எண்ணாகப் பயன்படுத்தும் ஆர்பிஇயை (எக்ஸ்ரே போன்ற கதிரோடு ஒப்பிட்ட உயிரியல் விளைவின் மடங்கை)ச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் போய் நிற்பதும் அந்த விளிம்பில்தான். அவர்கள் ஃப்ளாஸ்க் சுவரை மைக்ரோமீட்டரில் அளக்காமல் தொடங்கவே கூடாது.

கதிர் முடிந்த பிறகும் ஃப்ளாஸ்க் சர்வே மீட்டரில் சத்தம் போடுகிறது

உயர் ஆற்றல் புரோட்டான் என்றால் பதற வேண்டாம். பிளாஸ்டிக்கிலும் தண்ணீரிலும் ஆக்சிஜன்-15, கார்பன்-11 உருவாகும். முதலாவதின் அரை ஆயுள் 2 நிமிடம், இரண்டாவதின் அரை ஆயுள் 20 நிமிடம். தள்ளிவைத்துக் காத்திருந்து மறுபடி அளந்தால் எண் இறங்குவது தெரியும். இடத்தின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி சொன்ன பிறகு எடுங்கள்.

ஆல்ஃபா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த டிஷ்ஷில் அப்படி வந்தால் கதை வேறு. 3 எம்இவி ஆல்ஃபா மைலாரையோ மீடியத்தையோ கதிரியக்கமாக்கி மீட்டர் காட்டும்படி செய்யாது. டிஷ்ஷின் அடியைத் துடைத்த தாளில் ஆல்ஃபா எண்ணிக்கை தெரிந்தால் மூலத்தின் உறை கீறியிருக்கலாம். வேலையை அந்த நொடியே நிறுத்துங்கள். டிஷ்ஷை இன்குபேட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள், கையுறையோடு கதவைத் தொடாதீர்கள். இருந்த இடத்திலேயே இருந்து பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.